முப்பத்தெட்டு நொடி

பிப்ரவரி 3

வாயாடிக்கு,

போஸ்டரிலும் இந்தப் பெயரைத்தான் போட்டார்கள், நான் மட்டும் புதிதாக என்ன எழுதுவது? உன் முகவரியை உன் அண்ணனிடமிருந்து வாங்க மூன்று நாள் ஆனது. "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு என்னைத் தபால்காரன் ஆக்காதே" என்றார். அப்புறம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, வைத்ததே தெரியாத மாதிரி குளிக்கப் போய்விட்டார். உன் போன் எண் உயிரோடு இல்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஆகஸ்டில் நீ பாடிய கச்சேரியின் பதிவு. அந்த ஹார்ட் டிஸ்க் ஐந்து மாதத்துக்கு மேல் என் அலமாரியில் பழைய வயர்களுக்கு அடியில் கிடந்தது. எடுக்க மனம் வரவில்லை. இப்போது ஒரு இசை நிறுவனம் அதை ஆல்பமாக வெளியிடுகிறேன் என்கிறது. ஹிப் ஹாப் கச்சேரியை அப்படியே நேரடியாகப் பதிவு செய்தது நம் மொழியில் எத்தனை இருக்கிறது, விரல் விட்டு எண்ணலாம் என்கிறார்கள். மேடையில் உனக்குப் பின்னால் நின்று பீட் ஓட்டிய கண்ணாடி கையெழுத்துப் போட்டுவிட்டான். பாக்கி நீதான். இதோடு வைத்திருக்கும் படிவம் ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஆறு பாட்டு குறையில்லை. ஏழாவது பாட்டில் நீ வரி மறந்து நின்ற இடம் மட்டும் அவர்களுக்கு இடிக்கிறது. அரை நாள் வந்தால் போதும். ஸ்டூடியோவில் அந்த வரிகளை மட்டும் பாடிக் கொடு, நான் ஒட்டிவிடுகிறேன். ஒட்டியது யாருக்கும் தெரியாது. எல்லாரும் செய்கிற காரியம்தான்.

நேற்று ஒரு கம்பெனி விழாவுக்கு ஒலி பார்த்தேன். பத்து மணி நேரம் நின்றதில் கால் மரத்துவிட்டது. காதில் இன்னும் ஊய்யென்று ஒரு சத்தம். அதனால் கடிதம் கொஞ்சம் வறட்சியாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணி

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

முடியாது.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், தாளில் நிறைய இடம் இருக்கிறது. நான் இங்கே பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஓர் அறை, ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர். காலையில் ஒரு தாள் தருவார்கள். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணி என்று அதைப் பார்த்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. தாள் இல்லாமல் வாயைத் திறப்பதில்லை. கடைக்குப் போனால்கூட வாங்க வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டுதான் போகிறேன். நாலு வருஷமாகச் சொன்ன வரியே ஒரு நாள் என் காலை வாரிவிட்டது, இனி எதை நம்புவது?

முதல் வாரம் மேற்பார்வையாளர் வந்து, "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா. நீ சொல்ற வேகத்துல பஸ்ஸே கெளம்பிடும் போல" என்றார். இப்போது மெதுவாகச் சொல்கிறேன். யாரும் கை தட்டுவதில்லை, யாரும் சிரிப்பதுமில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ஏழாவது பாட்டை வெட்டிப் போடுங்கள். ஆறு பாட்டு போதும். வெட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். ஒட்டுப்போட்ட வாயோடு நான் வர மாட்டேன்.

இன்னொன்று. அன்று மேடையிலிருந்து இறங்கிப் பின்வாசல் படியில் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை. மறுநாள் காலை போனில், "இப்படியா நடந்துக்கிறது, வந்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றீர்கள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. மறக்க வேண்டியது மட்டும் மறப்பதே இல்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 17

வாயாடிக்கு,

அந்தப் போன் பேச்சுக்கு நான் ஒன்றும் சமாதானம் சொல்லப் போவதில்லை. சொன்னது சொன்னதுதான். பின்வாசலுக்கு வராததற்குக் காரணம் உண்டு. மிக்ஸரை விட்டு நான் நகர்ந்தால் அரங்கத்தில் ஒலி என்ன ஆகும்? அரங்கத்துக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், பாக்கி இரண்டு பாட்டு எங்கே என்று. இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் சின்னக் காரணமாகத்தான் தெரிகிறது.

வெட்டச் சொல்கிறாய். வெட்ட எனக்குக் கை வரவில்லை. அந்தப் பாட்டில்தான் இந்தப் பதிவே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று கேட்காதே. கூட்டத்தின் சத்தத்தைத் தனியாகப் பிடிக்க மேடையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு மைக் வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் வந்து அதைக் கேள். வந்தால் நேரில் சொல்வேன். எழுத வரவில்லை. இந்தப் பத்தியை மூன்று தடவை கிழித்துப் போட்டேன்.

கண்ணாடி உன்மேல் கோபமாக இருக்கிறான். "அத்தனை பேர் முன்னாடி மைக்கைத் தரையில வச்சுட்டுப் போனாளே, அது மறதியா? திமிரு" என்றான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணி

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

திமிரா? சரி. திமிர் பிடித்தவள் என்ன பார்த்தாள் என்று எழுதுகிறேன், கண்ணாடிக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஏழாவது பாட்டு, இரண்டாவது பத்தி. "வாயை மூடுன்னு சொல்லித்தான் வகுப்பு வெளிய தள்ளுச்சு" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி இல்லை. நாக்கில் இல்லை, தொண்டையில் இல்லை, எங்கேயும் இல்லை. பீட் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தேன். தலையை ஆட்டி ஆட்டி ஓட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்தியிருக்கலாம் இல்லையா? ஒரு விரல் வேலை.

முன்னால் பார்த்தேன். முதல் வரிசையிலிருந்து கடைசிவரை எல்லாருக்கும் வாய் திறந்திருந்தது. பல் தெரிந்தது. என்னைக் கை நீட்டிக் காட்டிக் காட்டி ஆடினார்கள். முந்நூறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் அண்ணி. முன்வரிசையில் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பீட் அந்தப் பத்தி முடிகிறவரை நின்றேன். அதற்கு மேல் நிற்க என்னால் முடியவில்லை. மைக்கை வைத்தேன், போனேன். அதில் திமிர் எங்கே இருக்கிறது?

மறுநாள் ஒருத்தன் பத்து நொடி வீடியோ போட்டிருந்தான். நான் மரம் மாதிரி நிற்கிறேன், மேலே ஒரு சிரிப்புச் சத்தத்தை ஒட்டியிருந்தான். உங்கள் தொழில்தான், ஒட்டுவது. அன்றைக்குத்தான் போன் எண்ணை விட்டேன். அன்றைக்கப்புறம் காதில் இயர்போனும் மாட்டுவதில்லை. மாட்டினால் மூச்சு முட்டுகிறது.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. காலையில் ஐந்து மணிக்கு முதல் பஸ்.

மார்ச் 2

வாயாடிக்கு,

ஒரே ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுது, வேறு எதுவும் வேண்டாம். நீ மறந்து நின்ற அந்த நேரத்தில் உன் காதில் என்ன கேட்டது? பார்த்ததைக் கேட்கவில்லை. கேட்டதைச் சொல்.

அண்ணி

மார்ச் 8

பீட். என் மூச்சு. வேறு எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 13

வாயாடிக்கு,

உன் பதில் வந்து மூன்று நாளாகிறது. எனக்குத் தெரிந்த பதில்தான். ஆனாலும் உன் கையால் எழுதி வந்ததும் சமையலறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணன், "என்ன, யாருக்காவது ஏதாவதா?" என்று பயந்துவிட்டார். ஆமாம் என்றேன்.

இனிச் சுற்றி வளைக்கவில்லை.

அன்று யாரும் சிரிக்கவில்லை. நீ நின்றதும் அவர்கள் பாடினார்கள். நீ விட்ட வரியிலிருந்து பத்தி முடிகிறவரை, முப்பத்தெட்டு நொடி, உன் பாட்டை முந்நூறு பேரும் உனக்காகச் சொன்னார்கள். கை நீட்டியது அதற்காக. பல் தெரிந்தது அதற்காக. பச்சைச் சட்டைக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள், அவ்வளவு பலமாகக் கத்தினாள். கண்ணாடி ஏன் நிறுத்தவில்லை? அவன் காதுக்குக் கூட்டத்தின் சத்தம் போய்க்கொண்டிருந்தது. நீ வேண்டுமென்றே அவர்களைப் பாடவிடுகிறாய் என்று நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்வரிசைக்குப் பின்னால் மிக்ஸரில் நின்றுகொண்டு, "இவளுக்கு எங்கேர்ந்து இந்தச் சாமர்த்தியம் வந்தது" என்று பூரித்துப்போனேன். அப்புறம் நீ மைக்கை வைத்துவிட்டுப் போனாய். அத்தனை பேர் தாங்கிப் பிடித்தும் உதறிவிட்டுப் போகிறாளே என்று எங்கள் எல்லாருக்கும் கோபம் வந்தது.

உனக்கு அது ஏன் கேட்கவில்லை? இதுதான் எழுத வராமல் இருந்தது.

மதியம் காலி அரங்கத்தில் ஒத்திகை பார்த்தோம். நீ இயர்போன் மாட்டிக்கொண்டு இரண்டு வரி பாடிவிட்டு, "அண்ணி, காதுல ஒரே இரைச்சல், எடுத்துவிடுங்க" என்றாய். கூட்டத்துக்கு வைத்த மைக்குகள் காலி அரங்கத்தின் எதிரொலியைப் பிடித்து உன் காதுக்குள் கொட்டின. உன் காதுக்குப் போகும் வழியை மட்டும் மூடினேன். இயர்போன் காதை அடைத்துக்கொள்ளும், வெளிச்சத்தம் உள்ளே வராது. அதனால் கூட்டம் வந்து உட்கார்ந்ததும் அந்த வழியைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் பாடுகிறவர் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரிதான். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. மறக்கக்கூடாது என்று வெள்ளை டேப் ஒரு துண்டு கிழித்து, "கூட்டம் வந்ததும் வாயாடி காதைத் திற" என்று எழுதி மிக்ஸர் ஓரத்தில் ஒட்டினேன். அதன் மேலேயே டீ கப்பை வைத்தேன். கப் கடைசிவரை அங்கேயே இருந்தது. முதல் ஆறு பாட்டிலும் உனக்குக் கூட்டம் கேட்டிருக்காது, மதியம் நீயே எடுக்கச் சொன்னதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாய்.

ஜனவரி கடைசியில் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். உன் கையிலிருந்த மைக்கில் முதலில் உன் மூச்சு மட்டும் இருந்தது. அப்புறம் நீ மெல்ல ஒரு வார்த்தை சொல்கிறாய். அரங்கத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, அவ்வளவு சத்தம் அங்கே. "சிரிக்காதீங்க" என்கிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சிரித்தார்கள்? மிக்ஸரில் அன்றைக்குச் சேமித்து வைத்த அமைப்பைத் திறந்து பார்த்தேன். உன் காதின் வழி மூடியே இருந்தது.

தெரிந்த பிறகும் நான் உனக்கு அந்த முதல் கடிதத்தைத்தான் எழுதினேன். வந்து பாடு, ஒட்டிவிடுகிறேன் என்று. உன் குரலை ஒட்டினால் அந்த முப்பத்தெட்டு நொடியை மூடிவிடலாம். மூடினால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தேன். நீ ஊரை விட்டுப் போய்ப் பஸ் நேரம் படித்துக்கொண்டிருக்கிறாய், நான் என் பெயரைப் பார்த்தேன். இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

கண்ணாடியிடம் சொல்லிவிட்டேன். "அவளை நான் என்னவெல்லாம் சொல்லிட்டேன்" என்றான். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கூட்டத்தின் மைக் மட்டும், வேறு எதையும் கலக்கவில்லை. கேட்டாலும் சரி, குப்பையில் போட்டாலும் சரி. நீ வெட்டச் சொன்னால் இனி வாதாடாமல் வெட்டிவிடுகிறேன்.

அண்ணி

மார்ச் 29

வாயாடிக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. நிறுவனத்துக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "அவங்க வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்களா?" என்றார் வேடிக்கையாக. போனை வைத்துவிட்டேன்.

ஒரு சின்ன விஷயம், நீ முடிவு செய்ய வேண்டியது. பத்தி முடிந்ததும் நீ மைக்கைத் தரையில் வைக்கிறாய். டொக் என்று ஒரு சத்தம் ஸ்பீக்கர் முழுக்கக் கேட்கிறது. அதோடு கூட்டம் அடங்கிவிடுகிறது. அந்தச் சத்தத்தை எடுத்துவிடவா, வைக்கவா?

அண்ணி

(இது அண்ணன். இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உனக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். நான் தபால்காரன் இல்லை.)

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

படிவம் இதனுடன் இருக்கிறது. ஏழு பாட்டுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பென் டிரைவ் பதினாறு நாள் என் மேசை இழுப்பறையில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. தினமும் ஸ்டேப்ளர் எடுக்கும்போது பார்ப்பேன், மூடிவிடுவேன். முந்தாநாள் மதியம் இரண்டு பத்திலிருந்து இரண்டு நாற்பது வரை எந்தப் பஸ்ஸும் இல்லை. அறிவிப்பு மைக்கின் சுவிட்சை அணைத்தேன். அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். வயரையும் பிடுங்கி வைத்தேன். நான் உங்களை மாதிரி இல்லை. அப்புறம் கம்ப்யூட்டரில் செருகி ஸ்பீக்கரில் போட்டேன். இயர்போன் மாட்டவில்லை.

முதலில் சளசள என்று ஏதோ. தூரத்தில் என் குரல், கடைசி வரிசையில் நின்று கேட்கிற மாதிரி. என் குரல் நின்றது. பீட் மட்டும். அப்புறம் ஒரு பெண் குரல், தாளத்துக்கு அரை அடி பிந்தி, பயந்து பயந்து ஆரம்பித்தது. பச்சைச் சட்டை என்றுதான் நினைக்கிறேன். அடுத்த நொடி எல்லாரும்.

நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் போட்டேன்.

நாலாவது தடவை கேட்கும்போது ஒன்று கவனித்தேன். தப்பாகச் சொல்கிறார்கள் அண்ணி. "வெளிய நின்ன நேரத்துலதான் வார்த்தை என்னை அள்ளுச்சு" என்கிறார்கள், முந்நூறு பேரும் ஒரே மாதிரி தப்பாக. எனக்கு எரிச்சல் வந்தது. "அள்ளுச்சு இல்ல, துள்ளுச்சு. வார்த்தை உள்ள துள்ளுச்சு" என்று ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதுதான் அந்த வரி. அதற்கு அடுத்தது வந்தது, அதற்கும் அடுத்தது வந்தது, பத்தி முடிகிறவரை அவர்களோடு சேர்ந்து சொன்னேன். எட்டு மாதமாகத் தேடாத இடமில்லை. அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

மேற்பார்வையாளர் கதவைத் தட்டினார். "யாரும்மா உள்ள? கூட்டமா சத்தம் கேக்குது."

"எனக்குத் தெரிஞ்சவங்க சார்."

"இத்தனை பேரா?"

"இத்தனை பேர்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாற்பது வண்டியைத் தானே அறிவிக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர். அறிவிப்புதான் சுமார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எதையும் ஒட்டாதீர்கள். முப்பத்தெட்டு நொடியும் அப்படியே இருக்கட்டும், அவர்கள் தப்பாகச் சொன்னதும் இருக்கட்டும். டொக்கை எடுக்காதீர்கள். அன்றைக்கு நான் செய்தது அதுதான், அது என் கணக்கில் இருக்கட்டும். படிவத்தில் "குரல்" என்று ஒரு கட்டம் இருந்தது. வாயாடி, மற்றும் அன்று வந்தவர்கள் என்று நிரப்பியிருக்கிறேன். நிறுவனத்துக்காரர் முணுமுணுத்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றி. வழியைத் திறக்க மறந்தீர்கள். நானும்தான் வரியை மறந்தேன், அதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பிப்ரவரி மூன்றாம் தேதி உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே "அரை நாள் வந்தால் போதும்" என்று எழுதினீர்கள். அது மறதி இல்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். பெட்டியோடு வரவில்லை, இங்கே வேலை இருக்கிறது. திட்டுவதற்கு மட்டும் வருகிறேன். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், அப்புறம் எதிரில் உட்கார்ந்து குறுக்கே பேசாமல் கேளுங்கள். கண்ணாடியும் இருக்கட்டும், அவனுக்கும் கொஞ்சம் இருக்கிறது. எட்டு மாதத்துத் திட்டு, ஒரே மூச்சில் சொல்வேன். தாளில் எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

வாயாடி